கேரவன் ஹீட்டரில் தண்ணீர் ஏறவில்லையா? எங்கே பார்ப்பது, எப்படிச் சரிசெய்வது

பிரிட்டனில் கேரவன் (காருக்குப் பின்னால் இழுத்துப்போகும் வீட்டு வண்டி) வைத்திருப்பவர்கள் அக்டோபர் கடைசியில் தண்ணீரை முழுதும் வடித்துவிட்டு வண்டியை மூடிவைப்பார்கள். ஈஸ்டர் விடுமுறைக்கு அதை வெளியே எடுக்கும்போதுதான் இந்தத் தொல்லை பெரும்பாலும் வரும். முகாமில் வண்டியை நிறுத்தி, அக்வாரோல் பீப்பாயை நிரப்பி உருட்டிக்கொண்டு வந்து, பம்பைப் போட்டு, சுடுநீர்க் குழாயைத் திறந்தால் புஸ்ஸென்று காற்று வரும். பத்து நிமிடம் காத்திருந்தாலும் காற்றுதான்.

நாங்கள் பழைய கேரவன் ஒன்றை வாங்கிய முதல் வசந்தத்தில், யார்க்ஷயர் டேல்ஸில் எனக்கு அரை நாள் இதிலேயே போனது. பம்பை இரண்டு முறை கழற்றினேன், வடிகட்டியை மாற்றினேன், ப்யூஸ்களை எல்லாம் பிடுங்கிப் பார்த்தேன். கடைசியில் துணி காயப்போட வெளியே போன மனைவி, "என்னங்க, வண்டிக்கு அடியில தண்ணி ஊத்திக்கிட்டே இருக்கே" என்றாள். கட்டிலுக்கு அடியில் இருந்த மஞ்சள் நெம்புகோல் ஒன்றைத் திருப்பியதும் எல்லாம் சரியாகிவிட்டது.

அதற்குப் பிறகு எங்கள் வண்டியிலும் நண்பர்கள் வண்டிகளிலும் பலமுறை இதைப் பார்த்துவிட்டேன். தண்ணீர் ஏறாததற்கு ஹீட்டரே காரணமாக இருந்தது மிகக் குறைவு. பீப்பாயிலிருந்து குழாய் வரைக்கும் உள்ள வழியில் எங்கோ ஓரிடத்தில் தண்ணீர் நின்றுபோகிறது, அல்லது வெளியே ஓடிவிடுகிறது. அந்த இடத்தைக் கண்டுபிடிக்க அறிகுறிகளே போதும். ஸ்குரூ டிரைவர் பிறகுதான்.

தண்ணீர் எப்படி ஏறுகிறது

வெளியே 40 லிட்டர் பீப்பாய், அதற்குள் 12 வோல்ட் சப்மெர்சிபிள் பம்ப். பம்பின் ஹோஸ் வண்டிச் சுவரில் உள்ள சாக்கெட்டில் செருகிக்கொள்ளும். பல வண்டிகளில் அந்தச் சாக்கெட்டுக்கு உள்ளேயே ஒரு வடிகட்டி இருக்கும். உள்ளே போன நீலப் பைப் இரண்டாகப் பிரிகிறது. ஒன்று நேராகக் குளிர்நீர்க் குழாய்களுக்குப் போகும். மற்றது ஹீட்டரின் அடிப்பக்கத்தில் நுழையும். ஹீட்டரின் மேல்பக்கத்திலிருந்து சிவப்புப் பைப் கிளம்பிச் சுடுநீர்க் குழாய்களுக்குப் போகும்.

குடத்தைக் கவிழ்த்துப் பிடித்துக் குளத்தில் அமுக்கினால் தண்ணீர் ஏறாது, உள்ளே இருக்கும் காற்று விடாது. காலி ஹீட்டரும் அப்படித்தான். காற்று போக வழி வேண்டும், அந்த வழி சுடுநீர்க் குழாய். அதனால் நிரப்பும்போது ஹீட்டரிலிருந்து தூரத்தில் உள்ள சுடுநீர்க் குழாயை முழுதாகத் திறந்து வையுங்கள். குளிர்நீர்க் குழாயை மட்டும் திறந்து தண்ணீர் வருவதைப் பார்த்துவிட்டு, ஹீட்டரும் நிறைந்துவிட்டது என்று நினைத்துக்கொள்பவர்கள் உண்டு.

கேரவன்களில் அதிகம் இருக்கும் ஹீட்டர்களில் ட்ரூமா அல்ட்ராஸ்டோர், ட்ரூமா காம்பி இரண்டும் 10 லிட்டர் பிடிக்கும். 1990-களின் வண்டிகளில் உள்ள கார்வர் கேஸ்கேட் 2 சுமார் 9 லிட்டர். இந்தக் கணக்கு நினைவில் இருக்கட்டும். சுடுநீர்க் குழாயில் தண்ணீர் வரும் நேரத்தில் பீப்பாயில் ஏறக்குறைய கால் பங்கு குறைந்திருக்க வேண்டும்.

இன்னொன்று. சுடுநீர்க் குழாயில் தண்ணீர் இடைவிடாமல் ஓடும்வரை மின்சாரத்தையும் எரிவாயுவையும் போடாதீர்கள். அல்ட்ராஸ்டோரில் 850 வாட் மின்சூடேற்றி இருக்கிறது. தண்ணீர் இல்லாத தொட்டியில் அதைப் போடவே கூடாது. ஏற்கெனவே சூடாக இருந்த ஹீட்டரில் கை வைக்கப் போகிறீர்கள் என்றால், அணைத்து நன்றாக ஆறிய பிறகு தொடுங்கள்.

எதையும் கழற்றும் முன் மூன்று இடங்களைப் பாருங்கள்

பம்ப் ஓடிக்கொண்டிருக்கும்போதே குனிந்து வண்டியின் அடியில் தரையைப் பாருங்கள். அப்புறம் குளிர்நீர்க் குழாயைத் திறந்து வேகத்தைப் பாருங்கள். ஒரு லிட்டர் ஜக் 10 முதல் 15 நொடிக்குள் நிறைந்தால் பம்ப் பக்கம் பழுது இல்லை என்று எடுத்துக்கொள்வேன். மூன்றாவது, பீப்பாயில் மட்டம் இறங்குகிறதா என்று பாருங்கள். இந்த மூன்றுக்கும் கிடைக்கும் பதிலை வைத்துக் கீழே உள்ளவற்றில் உங்களுடையது எது என்று தேடிக்கொள்ளலாம்.

குளிர்நீர் வருகிறது, சுடுநீர் இல்லை, வண்டிக்கு அடியில் தண்ணீர் ஓடுகிறது

வடிகால் வால்வு திறந்திருக்கிறது. ஏப்ரலில் வரும் புகார்களில் நான் அதிகம் பார்த்தது இதைத்தான்.

அல்ட்ராஸ்டோர் வண்டிகளில் ஹீட்டருக்குப் பக்கத்தில் மஞ்சள் நெம்புகோல் உள்ள வால்வு இருக்கும். நெம்புகோல் நிமிர்ந்து நின்றால் திறந்திருக்கிறது, படுத்திருந்தால் மூடியிருக்கிறது. நம் வீட்டு வால்வுகளின் கைப்பிடியைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இது எளிதில் பிடிபடாது. நான் கட்டில் பலகையின் உட்புறத்தில் "நின்றால் திறப்பு, படுத்தால் மூடல்" என்று மார்க்கரில் எழுதி வைத்திருக்கிறேன். வால்வு கண்ணில் படாவிட்டால் ஹீட்டரின் அடியில் நுழையும் நீலப் பைப்பைப் பின்னோக்கித் தொட்டுக்கொண்டே போங்கள், அகப்படும்.

சில வண்டிகளில் ஒன்றுக்கு மேல் வால்வு உண்டு. ஹீட்டருக்கு ஒன்று, பைப்புகளின் தாழ்வான இடத்தில் இன்னொன்று. ஒன்றை மூடிவிட்டு மற்றதை மறந்தாலும் இதே அறிகுறிதான். தரையில் தண்ணீர் எந்த இடத்தில் விழுகிறதோ, பெரும்பாலும் அதற்கு நேர் மேலேதான் திறந்திருக்கும் வால்வு இருக்கும்.

கார்வர் கேஸ்கேடில் நெம்புகோல் கிடையாது. வண்டியின் வெளிப்பக்கத்தில், ஹீட்டர் முகப்பின் கீழே, ஒரு வடிகால் மூடி இருக்கும். வடித்தபின் அதைக் கழற்றிப் பத்திரமாக எங்கோ வைத்துவிட்டு மறந்திருப்பார்கள். திரும்பப் போடும்போது அதன் ரப்பர் வளையம் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று பாருங்கள்.

வால்வை மூடினாலும் திரும்பத் திரும்பத் திறந்துகொள்கிறது

இது ட்ரூமா காம்பி வைத்திருப்பவர்களுக்கு வருவது, சற்று விரிவாகவே சொல்கிறேன். நல்ல வால்வைப் பழுது என்று நினைத்து மாற்றியவர்களை எனக்குத் தெரியும்.

காம்பியில் வடிகால் வால்வின் பெயர் ஃப்ராஸ்ட்கன்ட்ரோல். ஹீட்டரில் தண்ணீர் உறைந்து தொட்டி வெடிக்காமல் காப்பதுதான் அதன் வேலை. தன்னைச் சுற்றியுள்ள வெப்பம் சுமார் 3 டிகிரிக்குக் கீழே போனதும் தானாகத் திறந்து தண்ணீரை வடித்துவிடும். அதற்கு மின்சாரம் தேவையில்லை. ஒருமுறை திறந்துவிட்டால் சுமார் 7 டிகிரிக்கு மேலே வந்த பிறகுதான் மூட முடியும். அதற்கு முன் வால்வை மூடும் பொத்தானை எத்தனை முறை அழுத்தினாலும் வெளியே குதித்துவிடும்.

கவனியுங்கள், கணக்கு வால்வு இருக்கும் இடத்தின் வெப்பம். அறையில் 18 டிகிரி இருக்கலாம். ஆனால் வால்வு கட்டிலுக்கு அடியில், வெளிச்சுவரை ஒட்டி, தரையில் துளை போட்ட இடத்தில் இருக்கும். அங்கே 4 டிகிரியாக இருந்தால் அது மூடாது.

காம்பி தண்ணீர் இல்லாமலும் அறையைச் சூடாக்கும் வகை. அதனால் முதலில் அறை வெப்பத்தை மட்டும் போடுங்கள். கட்டில் பலகையைத் தூக்கி வைத்து, உள்ளே உள்ள பெட்டிக் கதவுகளைத் திறந்து, சூடான காற்று வால்வு வரைக்கும் போக வழிவிடுங்கள். அரை மணி நேரம் பொறுக்கலாம். அவசரம் என்றால் முடி உலர்த்தும் டிரையரைச் சற்றுத் தள்ளிப் பிடித்து இரண்டு மூன்று நிமிடம் காட்டலாம். பிறகு வால்வின் திருகை, தண்ணீர் இணைப்புக்கு இணையாக வரும்படி திருப்புங்கள். அதன் பிறகே பொத்தானை அழுத்த வேண்டும். திருகு குறுக்கே நின்றால் வால்வு சூடாக இருந்தாலும் பொத்தான் உள்ளே நிற்காது.

பொத்தான் வெளியே வராமல் துணிக் கிளிப்பை மாட்டி வைக்கும் வழக்கம் ஒன்று இருக்கிறது. வண்டியில் ஆள் இருந்து, இரவு முழுதும் வெப்பம் ஓடினால் ஒருவேளை தப்பிக்கலாம். கிளிப்போடு வண்டியை விட்டுப் போய், அன்று இரவு உறைபனி விழுந்தால் ஹீட்டர் போய்விடும். புதிய காம்பியின் விலையை ஒருமுறை விசாரித்துப் பாருங்கள், கிளிப்பை நீங்களே கழற்றிவிடுவீர்கள். நான் மாட்டுவதில்லை.

மாலையில் நிரப்பிய ஹீட்டர் காலையில் காலியாக இருந்தாலும் காரணம் இதே வால்வாகத்தான் இருக்கும். இரவு எத்தனை டிகிரி என்று பாருங்கள். நல்ல வெயில் நாளிலும் திறந்துகொண்டால்தான் வால்வைச் சந்தேகப்பட வேண்டும்.

எந்தக் குழாயிலும் தண்ணீர் இல்லை, பம்ப் சத்தமும் இல்லை

ஹீட்டரை விட்டுவிட்டு மின்சாரத்தைப் பாருங்கள். கட்டுப்பாட்டுப் பலகையில் பம்பு சுவிட்ச் போட்டிருக்கிறதா, பேட்டரியில் சார்ஜ் இருக்கிறதா, பம்பு ப்யூஸ் நன்றாக இருக்கிறதா என்று வரிசையாகப் பார்த்துக்கொண்டு வாருங்கள். மூன்றும் சரி என்றால் வண்டிச் சுவரில் பம்ப் செருகும் இடத்துக்குப் போங்கள். குளிர்காலம் முழுதும் ஈரத்தில் இருந்த அந்த உலோகத் தொடர்புகளில் பச்சையாகக் களிம்பு பிடித்திருக்கும். சுரண்டித் துடைத்தாலே பல பம்புகள் உயிர் பெறும். அங்கே மல்டிமீட்டரை வைத்துக் குழாயைத் திறக்கச் சொல்லுங்கள். 12 வோல்ட் அருகே காட்டினால் வண்டி சரி, பம்ப் போய்விட்டது. எதுவும் காட்டாவிட்டால் பம்பு நன்றாகவே இருக்கலாம், வண்டியின் உள்ளே தேடுங்கள்.

குளிர்நீர்க் குழாயைத் திறந்தால் பம்ப் ஓடுகிறது, சுடுநீர்க் குழாயைத் திறந்தால் ஓடவில்லை

இதைப் பார்த்து ஹீட்டர் அடைத்துக்கொண்டது என்று முடிவுகட்டிவிடாதீர்கள். பல கேரவன்களில் ஒவ்வொரு குழாய்க்குள்ளும் ஒரு சின்ன மைக்ரோசுவிட்ச் இருக்கிறது. குழாயைத் திறக்கும்போது அதுதான் பம்பை ஓடவைக்கிறது. சுடுநீர்ப் பக்கத்துச் சுவிட்சில் ஈரம் இறங்கிவிட்டால் குழாய் திறக்கும், பம்புக்குச் செய்தி போகாது.

குளிர்நீர்க் குழாயைத் திறந்து பம்பை ஓடவிட்டு, அதே நேரத்தில் சுடுநீர்க் குழாயையும் திறந்து பாருங்கள். சுடுநீர்ப் பக்கமும் காற்றைக் கக்கிவிட்டுத் தண்ணீர் வர ஆரம்பித்தால் ஹீட்டரும் பைப்பும் நன்றாக இருக்கின்றன, சுவிட்ச்தான் பழுது. விடுமுறை முடியும்வரை இப்படியே இரண்டையும் திறந்து சமாளிக்கலாம். சமையலறைக் குழாய் வேலை செய்யாமல் குளியலறைக் குழாய் வேலை செய்கிறது என்றாலும் இதே முடிவுதான்.

பம்ப் ஓடுகிறது, எங்கும் தண்ணீர் இல்லை அல்லது நூலாக வருகிறது

பம்புக்குள் காற்று பிடித்திருக்கும். ஊரில் கிணற்று மோட்டாரில் ஏர் பிடித்தால் என்ன ஆகும் என்று தெரிந்தவர்களுக்கு இது புதிதில்லை. சத்தம் மெல்லியதாக, பளு இல்லாமல் கேட்கும். ஹோஸைச் சுவரிலிருந்து கழற்றி, பம்பைத் தண்ணீருக்குள் தலைகீழாகப் பிடித்து நன்றாக ஆட்டுங்கள், பீப்பாய்ச் சுவரில் லேசாகத் தட்டுங்கள். குமிழிகள் மேலே வருவது தெரியும். பிறகு திரும்பச் செருகுங்கள்.

அதற்கும் சரியாகாவிட்டால் ஹோஸ் எங்காவது மடிந்திருக்கிறதா என்று பாருங்கள். வடிகட்டியையும் சந்தேகப்பட வேண்டும். போன வருடம் போட்ட வடிகட்டி குளிர்காலத்தில் காய்ந்து கட்டிதட்டி இருக்கும். ஹோஸைச் சுவரிலிருந்து கழற்றிப் பிடித்தால் நன்றாக ஓடுகிறது, வண்டிக்குள் போனதும் நூலாகிறது என்றால் வடிகட்டியை மாற்றிவிடுங்கள்.

புதிய பம்பை நீங்களே ஒயர் இணைத்து மாட்டியபின் இந்த அறிகுறி வந்தால் ஒயர்கள் மாறியிருக்கும். 12 வோல்ட் பம்பு எதிர்ப்பக்கமாகச் சுற்றினாலும் சத்தம் வரும், கொஞ்சம் தண்ணீரும் தள்ளும். ஹீட்டரின் உயரத்துக்கு ஏற்றும் வலு மட்டும் இருக்காது. இரண்டு ஒயரையும் மாற்றிப் போட்டுப் பாருங்கள்.

குளிர்நீர் நன்றாக வருகிறது, சுடுநீர் இல்லை, தரையும் காய்ந்திருக்கிறது

இப்போதுதான் கழற்ற வேண்டியிருக்கும். அதற்கு முன்னால் ஒரு வேலை: எல்லாச் சுடுநீர்க் குழாய்களையும் ஒவ்வொன்றாகத் திறந்து பாருங்கள், ஷவரையும் சேர்த்து. ஒன்றில் மட்டும் வரவில்லை என்றால் அந்தக் குழாயின் உள்பாகத்தில் தூசியோ சுண்ணாம்புச் செதிலோ சிக்கியிருக்கிறது. தென்கிழக்கு இங்கிலாந்தில் தண்ணீர் கடினம். அங்கே ஓடிய வண்டிகளில் வெள்ளைச் செதில்கள் ஹீட்டரிலிருந்து கிளம்பிக் குழாயில் வந்து அடைக்கும். குழாயின் முனையில் உள்ள சல்லடையைக் கழற்றிக் கழுவுங்கள்.

எதிலுமே வரவில்லை என்றால் ஹீட்டருக்கு முன்னே அடைப்பா, பின்னே அடைப்பா என்று கண்டறிய வேண்டும். பம்பை அணைத்து, குழாய்களைத் திறந்து அழுத்தத்தை விடுவியுங்கள். ஹீட்டர் ஆறியிருக்க வேண்டும். மேலே இருந்து வரும் சிவப்புப் பைப்பைக் கழற்றுங்கள். 12 மில்லிமீட்டர் புஷ்ஃபிட் பைப் என்றால் வளையத்தை இணைப்போடு சேர்த்து அழுத்திக்கொண்டே பைப்பை இழுத்தால் வந்துவிடும். ஹீட்டரின் வாய்க்கு ஒரு ஹோஸ் துண்டு மாட்டி வாளியில் விட்டு, ஒருவரைப் பம்பை ஓடவிடச் சொல்லுங்கள்.

இரண்டு மூன்று நிமிடத்தில் வாளியில் தண்ணீர் வந்தால் ஹீட்டர் நிறைகிறது, அடைப்பு சிவப்புப் பைப்பில் இருக்கிறது. கட்டில் பெட்டியில் திணித்த சாமான் பைப்பை நசுக்கியிருப்பதை இருமுறை பார்த்திருக்கிறேன். வாளியில் ஒன்றும் வராவிட்டால் நீலப் பைப் பக்கம் போங்கள். அங்கே ஒருவழி வால்வு இருந்தால் அது ஒட்டிக்கொண்டிருக்கலாம். பைபாஸ் வால்வு (ஹீட்டரைத் தவிர்த்துத் தண்ணீரை வேறு வழியில் விடுவது) வைத்த வண்டி என்றால், குளிர்காலத்துக்குத் திருப்பி வைத்தது அப்படியே இருக்கிறதா என்று பாருங்கள்.

திரும்பப் பொருத்தும்போது பைப்பின் முனை நேராக, பிசிறு இல்லாமல் இருக்க வேண்டும். கோணலாக வெட்டிய முனை அப்போதைக்குப் பிடித்துக்கொண்டு, அழுத்தம் வந்ததும் கசியும்.

சுடுநீர்க் குழாயில் உடனே தண்ணீர் வந்துவிட்டது, ஆனால் சூடாகவே இல்லை

ஆபத்தான அறிகுறி இதுதான், ஏனென்றால் எல்லாம் சரி என்று நம்பி 850 வாட்டைப் போட்டுவிடுவோம். காலியான 10 லிட்டர் தொட்டியைத் தாண்டி ஐந்தே நொடியில் தண்ணீர் வர முடியாது. அப்படி வந்தால் அது ஹீட்டருக்குள் போகாமல் குறுக்கு வழியில் வருகிறது.

பைபாஸ் வால்வு பாதி திறந்திருக்கலாம். அது இல்லாத வண்டியில் ஷவரைப் பாருங்கள். ஷவரின் மிக்சர் குழாய் நடுவில் திறந்தபடி, கைப்பிடியில் உள்ள பொத்தான் மட்டும் மூடியிருந்தால், நீலப் பைப்பின் தண்ணீர் மிக்சர் வழியாகச் சிவப்புப் பைப்புக்குள் புகுந்து சமையலறைச் சுடுநீர்க் குழாயில் வந்துவிடும். மிக்சரை முழுதாக மூடிவிட்டு மறுபடி பாருங்கள்.

சந்தேகம் தீர ஒரு வழி உண்டு. வடிகால் வெளியேறும் இடத்துக்கு அடியில் வாளியை வைத்து, பம்பை அணைத்து, சுடுநீர்க் குழாயைத் திறந்து, ஹீட்டரை வடியுங்கள். 10 லிட்டருக்கு அருகில் வந்தால் நிறைந்திருந்தது. இரண்டு லிட்டரோடு நின்றால் நிறையவே இல்லை.

நிறைந்துவிட்டது, ஆனால் எல்லாக் குழாயும் மூடியிருக்கும்போதும் பம்ப் அவ்வப்போது துடிக்கிறது

இது அழுத்தச் சுவிட்ச் (பைப்பில் அழுத்தம் குறைந்ததும் பம்பை ஓடவைப்பது) உள்ள வண்டிகளில் வரும். எங்கோ கசிவு இருக்கிறது. வடிகால் வால்வு முழுதாக மூடவில்லையா என்று முதலில் பாருங்கள். அப்புறம் கையில் காகிதத் துவாலையை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு இணைப்பின் அடியையும் தொட்டுப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியாத ஈரம் காகிதத்தில் தெரியும்.

ஹீட்டர் இருக்கும் பெட்டிக்குள்ளேயே தண்ணீர் தேங்குகிறது

பம்பை உடனே அணையுங்கள். இணைப்புகள் எல்லாம் காய்ந்திருந்து, ஹீட்டரின் உடம்பிலிருந்தே தண்ணீர் வந்தால், குளிர்காலத்தில் உள்ளே நின்றுபோன தண்ணீர் உறைந்து தொட்டியைப் பிளந்திருக்கிறது. இதை ஒட்டவோ பூசவோ முயல வேண்டாம். ஹீட்டரைக் கழற்றினால் எரிவாயு இணைப்பையும் புகைக்குழாயையும் தொட வேண்டிவரும், அது வீட்டில் செய்யும் வேலை இல்லை. கேரவன் பணிமனைகளுக்கான பிரிட்டிஷ் அங்கீகாரத் திட்டமான அப்ரூவ்டு ஒர்க்‌ஷாப் ஸ்கீமில் உள்ள, எரிவாயு வேலைக்குத் தகுதி பெற்ற பணிமனையைக் கூப்பிடுங்கள். ஹீட்டரின் பெயர்ப் பலகையைப் போட்டோ எடுத்து அனுப்பிவிட்டு, குளிர்நீர் வருகிறதா, தரை நனைகிறதா, வடித்தபோது எத்தனை லிட்டர் வந்தது என்ற மூன்றையும் சொல்லிவிட்டால் அவர்கள் சரியான பாகத்தைக் கையோடு எடுத்துக்கொண்டு வருவார்கள்.